உள்ளேயே இருந்த ஸ்டீவன்

கிரேஸ் அந்த பங்களாவுக்கு முதல் நாள் வேலைக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால், மிஷன் சர்ச்சைத் தாண்டி, வேப்பமரங்களுக்கு நடுவே நிற்கிற பழைய கட்டடம். யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் கட்டியது. சுவரின் மேல் ஓர் ஆள் புரண்டு படுக்கலாம், அவ்வளவு தடிமன். அந்த வீட்டில் பேய் இருப்பதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாடகையைக் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று அதை வாடகைக்கு எடுத்திருந்த பரந்தாமன் அடிக்கடி வருத்தப்படுவார்.

"வாம்மா, வா. ஸ்டீவன் இருந்த இடம். உன் வீடு மாதிரி நெனச்சிக்கோ" என்று அவரே வாசலுக்கு வந்து குடையை வாங்கி மாட்டினார்.

பரந்தாமன் அவள் புருஷனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த டைப்பிங் சென்டரை ஆரம்பித்தார்கள். ஸ்டீவனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்த அன்று பெட்டியின் கயிற்றைப் பிடித்து இறக்கியவர் அவர்தான், முதல் பிடி மண்ணைப் போட்டவரும் அவர்தான். "நிம்மதியா தூங்குடா ஸ்டீவா!" என்று அவர் கதறிய கதறலில் பாஸ்டருக்கே ஜெபத்தில் ஒரு வரி மறந்துபோனது. அன்றிலிருந்து கிரேஸுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். அவர் மேல் இருந்த அந்த மதிப்பில், உதவி என்று எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தையல் மெஷினையும் விற்றபிறகுதான், வேறு வழியில்லாமல், வேலை கேட்டு வந்திருந்தாள்.

கூடத்தில் சுவரோரமாக ஆறு மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா.

"இதுதான் கம்ப்யூட்டரா அண்ணா?"

"இதுக்குள்ள ஒண்ணியும் இல்லம்மா. வெறும் கண்ணாடி. கம்ப்யூட்டர் உள்ள ரூம்ல ஒண்ணே ஒண்ணு கீது, சர்வர்னு பேரு. ஆறு பேரும் அதுக்குள்ளதான் வேலை செய்யறீங்க. நம்ம மலைமேல இருக்கறவரு மாதிரின்னு வெச்சிக்கோ. உடம்பு ஒண்ணு, முகம் ஆறு."

வேலை பெரிய கஷ்டமில்லை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பழைய நோயாளிகளின் அட்டைகளைப் படம் பிடித்து அனுப்பும். கையெழுத்தில் இருப்பதைப் பார்த்து அச்சில் அடிக்க வேண்டும். யார் யாருக்கோ எப்போதோ வந்த காய்ச்சல், எப்போதோ எடுத்த கட்டி, எப்போதோ நின்ற மூச்சு.

முதல் அட்டையை அவள் அடித்துக்கொண்டிருந்தபோது மவுஸில் கையே வைக்கவில்லை, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவள் அடித்த ஒரு எழுத்துக்குப் பின்னால் போய் நின்று, அதை அழித்து, சரியாகப் போட்டது.

"ஏசப்பா!" என்று நாற்காலியோடு பின்னுக்குப் போனாள்.

உள் அறையிலிருந்து சிரிப்பு கேட்டது. "நான்தாம்மா! இங்கேந்தே எல்லார் திரையும் பாப்பேன், கையும் வெப்பேன். பயந்துடாத."

பக்கத்து மேஜை யோகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாருக்கும் மொத நாள் இப்டித்தான்க்கா. நான் கத்தின கத்துல வெளிய மேஞ்சிகினு இருந்த மாடு ஓடிச்சி."

சாயங்காலம் கிளம்பும்போது கிரேஸ் எல்லாவற்றையும் மூடப் போனாள். யோகலட்சுமி கையைப் பிடித்துத் தடுத்தாள். "லாக் ஆஃப் பண்ணாதீங்க, உள்ள நம்ம கணக்கே மூடிடும். காலைல மறுபடி தெறக்க ரொம்ப நேரம் ஆவும், அண்ணன் திட்டுவாரு. கண்ணாடிய மட்டும் அணைச்சிட்டு வாங்க. நாம வூட்டுக்குப் போனாலும் உள்ள நாம இருந்துகினேதான் இருப்போம். காலைல வந்தா வுட்ட எடத்துலேந்து புடிச்சிக்கலாம்."

அதுதான் அந்த இடத்தின் வழக்கம். ஸ்டீவனும் கடைசி நாள் அப்படித்தான் போனான். பாதி அட்டை அடித்திருந்தான். கனகம்மாசத்திரத்தில் ரிப்பேருக்குக் கொடுத்த மானிட்டரை வாங்கிவரச் சொல்லி பரந்தாமன் அனுப்பினார். திரையை அணைத்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். நெடுஞ்சாலையில் லாரி.

திரும்பிவரவில்லை.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். "வந்துடறேன்." அவளும் எப்போதும்போல, "வாங்க" என்றாள்.

அவனுடைய மேஜை அந்த ஆறிலும் சேராமல், தனியாக ஜன்னலோரம் இருந்தது. மேலே ஒரு டர்க்கி டவல் போர்த்தியிருந்தது. "அங்க மட்டும் உக்காராதம்மா, உனக்குத்தான் மனசு கஷ்டப்படும்" என்று பரந்தாமன் சொல்லியிருந்தார். எவ்வளவு நல்ல மனசு என்று கிரேஸ் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கிராம்பு வாசனை வந்தது. ஸ்டீவனுக்குச் சொத்தைப் பல். நாள் முழுக்க ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டிருப்பான். அவன் போய் மாதங்கள் ஆகிவிட்டன. கிராம்பு வாசனை அவ்வளவு நாள் தங்குமா என்று யாரைக் கேட்பது?

இன்னொன்றும் இருந்தது. பரந்தாமன் உள் அறையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகும் நேரங்களில், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

டக். டக டக. டக்.

"எலிக்கா" என்றாள் யோகலட்சுமி, தலையைத் திருப்பாமல்.

"ரெண்டு கையாலயும் அடிக்குதே?"

யோகலட்சுமி நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க. நீங்க வர்றதுக்கு முன்ன நாங்க அஞ்சு பேருதான். ஆறு பேரு அடிக்கிற வேலை போய்க்கினு இருந்திச்சி. எப்டின்னு கேட்டா, ராத்திரியில நானே அடிக்கிறேன்றாரு. அவருக்கு ஒத்த வெரல்ல தன் பேர அடிக்கவே மதியம் ஆயிடும்."

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்க மஞ்சள் துணியும் காவடியும். மைக்செட்டில் அரோகரா சத்தம் விடிந்ததிலிருந்து ஓயவில்லை. பரந்தாமனும் மொட்டை போட்டுக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். தொழில் அந்த வருஷம் அவ்வளவு நன்றாகப் போயிருந்தது. மற்றவர்களுக்கு லீவு. அவசர வேலை இருந்ததால் கிரேஸும் யோகலட்சுமியும் மட்டும் வந்திருந்தார்கள்.

கிளம்பும்போது உள் அறைச் சாவியை யோகலட்சுமியிடம் கொடுத்தார். "கரண்ட் போயி யூபிஎஸ் கத்திச்சின்னா மட்டும் தெற. ஒண்ணியும் தொடாத. எனக்கு போன் பண்ணு, ஓடியாந்துடறேன்."

மத்தியானம் வானம் கறுத்தது. மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள்.

கரண்ட் போனது.

விளக்கு, விசிறி, மானிட்டர் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. வெளியே மைக்செட்டும் பாதி வார்த்தையில் நின்றது. அந்தத் தடித்த சுவர்களுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

டக். டக டக டக.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டக டக டக. டக்.

அப்புறம் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது, பசியில் குழந்தை விட்டுவிட்டு அழுவதுபோல. யோகலட்சுமி போன் போட்டாள். மலைமேல் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை.

"தெறப்போம்" என்றாள் கிரேஸ்.

அந்த அறை டாக்டர் காலத்தில் மருந்து வைத்திருந்த இடம். ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

கிராம்பு.

கமகமவென்று, யாரோ இப்போதுதான் கடித்ததுபோல.

மேஜைமேல் சர்வரின் திரை மட்டும் பேட்டரியில் வெளிச்சமாக இருந்தது. அதன் கீபோர்டு சும்மா கிடந்தது. மேலே தூசி. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொத்தான் கீழே போய் மேலே வந்தது. அது போய் வருகிற இடத்தில் மட்டும் தூசி இல்லை.

யோகலட்சுமி கிரேஸின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு பட்டியல் இருந்தது. சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள், இருந்தும் வெளியே போயிருக்கிறார்களா, வேலையாய் இருக்கிறார்களா என்று காட்டுகிற பட்டியல். யோகலட்சுமி, வெளியே. கிரேஸ், வெளியே. பரந்தாமன், வெளியே. லீவில் போனவர்கள் எல்லோரும் வெளியே.

ஸ்டீவன்.

ஆக்டிவ்.

"அக்கா, வேணாம்க்கா. மூடிட்டுப் போயிடலாம்."

"அவர் திரைய எப்படிப் பாக்கறது?"

"அக்கா…"

"சொல்லு யோகா."

யோகலட்சுமி மவுஸால் ஸ்டீவன் பெயரைத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். அவன் திரை விரிந்தது.

ஒரு நோயாளியின் அட்டை. பக்கத்தில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக விழுந்துகொண்டிருந்தன. அட்டை முடிந்தது. அம்புக்குறி மெல்ல நகர்ந்து, அந்த அட்டையை மூன்று முறை சுற்றி வந்தது. பிறகு அடுத்த அட்டைக்குப் போனது.

கிரேஸ் சுவரில் சாய்ந்துவிட்டாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஸ்டீவனுக்கு அது ஒரு பழக்கம். மவுஸ் இல்லாவிட்டால் விரலால் செய்வான். சோற்றுத் தட்டைச் சுற்றி, ஹோட்டலில் டீ கிளாசைச் சுற்றி. "கிறிஸ்தவன் நீ, எதுக்குடா பிரதட்சணம் வர்ற?" என்று பரந்தாமன் கேலி செய்வார்.

திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் திறந்திருந்தது. அதில் இரண்டு பேர் பேசிக்கொண்டது அப்படியே இருந்தது.

"ஸ்டீவா, கிரேஸ் வூட்டுக்கு மாசாமாசம் உன் பணத்த நானே போய்க் குடுத்துட்டு வரேன். நீ கவலப்படாத. நல்லா கீறாங்க."

"சரி பரந்தா."

"இன்னும் கொஞ்சம் வேகமா அடிடா. கம்பெனிக்காரன் கேக்கறான்."

"கை வலிக்குது பரந்தா. போதும்னு இருக்கு."

"நேத்து கிரேஸப் பாத்தேன். வேலைய வுட்டுடாதன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னா."

"அவளா சொன்னா?"

"அவதான்."

"சரி. அடிக்கிறேன்."

கிரேஸ் அதை ஒருமுறைதான் படித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது தெருவில் நின்றது ஞாபகம் வந்தது. நிம்மதியா தூங்குடா என்ற கதறல் ஞாபகம் வந்தது. புதைத்த கையோடு வந்து, பூட்டிவைத்து, வேலை வாங்கியிருக்கிறார். அதுவும் அவள் பெயரைச் சொல்லி.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கட்டத்தில் அடித்தாள்.

"நான் கிரேஸ்."

எழுத்துகள் நின்றன.

யூபிஎஸ் கத்துவது மட்டும் கேட்டது. யோகலட்சுமி வாய்க்குள் கந்த சஷ்டி கவசத்தையும் கிரேஸுக்காக ஏசு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாப்டியா?"

உயிரோடு இருந்தபோது தினமும் மத்தியானம் இந்த சென்டரிலிருந்து போன் போட்டு அவன் கேட்கிற முதல் கேள்வி அது.

"இன்னும் இல்ல" என்று அடித்தாள். பிறகு, "அவர் வரவே இல்ல. ஒரு தடவ கூட இல்ல. நான் உங்கள எதுவும் செய்யச் சொல்லல."

அம்புக்குறி அசையவில்லை.

வாசலில் தடதடவென்று காலடி கேட்டது. மலையில் மைக்செட் நின்றதுமே சர்வர் ஞாபகம் வந்து, காவடியை மச்சானிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்திருந்தார் பரந்தாமன். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் மழையில் வழிந்து புருவத்தில் நின்றது. நனைந்த மஞ்சள் வேட்டி, வெறும் கால்.

திரையைப் பார்த்தார். கிரேஸைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"நானா கூப்ட்டேன்?" என்றார். "அடக்கம் முடிஞ்ச மறுநாள் வந்து பாக்கறேன், அவனே உக்காந்து அடிச்சிகினு கீறான். மொதல்ல வெளிய ஓடிட்டேம்மா. அப்பறம் பாத்தா, தப்பே இல்லாம அடிக்கிறான்."

"என்கிட்ட சொன்னீங்களா அண்ணா?"

"சொன்னா நீ பயந்துடுவ."

"அவர்கிட்ட என் பேர்ல பொய் சொன்னீங்களே?"

"தங்கச்சி, கோவப்படாத. அவன் சந்தோஷமாத்தான் வேலை செய்யறான்."

"கை வலிக்குதுன்னு எழுதிகிறாரு!" என்று கத்தினாள் யோகலட்சுமி.

"நீ சும்மா இரு." பரந்தாமன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே புரியாதவர்போலக் கேட்டார்: "செத்தவனுக்குச் சம்பளம்னு யாரும்மா குடுத்துகிறாங்க?"

அப்போது கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் கீழே போயிற்று. மேலே வரவில்லை.

திரையில் எழுத்துகள் பின்னோக்கி அழிய ஆரம்பித்தன.

கடைசி அட்டை போனது. அதற்கு முந்தியது போனது. காய்ச்சல்கள், கட்டிகள், பெயர்கள், ஊர்கள், எல்லாம் வந்த வழியே ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பிப் போயின. செத்துப்போனபின் அவன் அடித்த அத்தனையும்.

"டேய், டேய் ஸ்டீவா! வேணாம்டா!" பரந்தாமன் பாய்ந்து கீபோர்டைப் பிடுங்கி ஒயரை உருவினார்.

அழிவது நிற்கவில்லை.

கடைசியில் ஒரு பாதி அட்டை மட்டும் மிஞ்சியது. உயிரோடு இருந்த அன்று, கனகம்மாசத்திரம் போவதற்கு முன் அடித்த பாதி. அங்கே வந்து நின்றது. அடிக் கட்டத்தில் ஒரு வார்த்தை விழுந்தது.

"பரந்தா?"

அவ்வளவுதான் கேட்டான். பரந்தாமன் கதவைப் பார்த்தார். சுவரோடு சுவராக நகர்ந்துகொண்டிருந்தார்.

கிரேஸ் மவுஸை எடுத்தாள். பட்டியலில் ஸ்டீவன் பெயர்மேல் வைத்து, அந்த வீட்டில் யாரும் எப்போதும் தொடாத லாக் ஆஃப் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாக வெளியேற்ற வேண்டுமா என்று சர்வர் கேட்டது. அம்புக்குறி அவள் கைக்குள்ளேயே ஒரு துள்ளு துள்ளியது.

கல்யாணமான நாளிலிருந்து அவனை வழியனுப்பும்போது 'வாங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் சொன்னதில்லை.

"போங்க" என்றாள். "போதும். நீங்க போங்க."

அழுத்தினாள்.

பட்டியலில் அவன் பெயர் இல்லை. யூபிஎஸ் கத்துவது நின்றது. கரண்ட் வந்துவிட்டது. மலையிலிருந்து பாதியில் விட்ட அரோகரா மீதியோடு கேட்டது.

பரந்தாமன் கதவுக்கு வந்துவிட்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிலையிலும், இந்த ஊரில் எந்த வாசலைத் தாண்டும்போதும் எல்லோர் நாக்கும் தானாகச் சொல்லுகிறதை அவர் நாக்கும் சொன்னது.

"வந்துடறேம்மா."

சொல்லிவிட்டு மழையில் ஓடினார்.

யோகலட்சுமிதான் முதலில் பார்த்தாள். திரையைக் காட்டினாள்.

பரந்தாமன்.

ஆக்டிவ்.

அதன்பிறகு பரந்தாமன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் பார்க்கலாம். ஆனால் அவருடைய பத்து விரலும் சும்மா இருப்பதில்லை. தொடைமேல், பெஞ்சுமேல், பேப்பர்மேல் தட்டிக்கொண்டேயிருக்கும். ஒத்தை விரலில் அடிக்கிற மனிதருக்கு இப்போது அப்படி ஒரு வேகம். சோறு ஊட்டிவிடுவது அவர் மனைவி. தூக்கத்தில்கூட விரல்கள் ஓடுவதாக அந்த அம்மாள் அழுகிறாள். வேலூர் வரை போய் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மட்டும் விரல்கள் நிற்கும். வலது கையின் ஆள்காட்டி விரல் டீ கிளாசை மூன்று முறை சுற்றி வரும். பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும்.

சென்டர் நடக்கிறது. கிரேஸும் யோகலட்சுமியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வேலை குறையவில்லை. தப்பில்லாமல் போகிறது என்று கம்பெனியிலிருந்து பாராட்டி போன் வந்தது. ஜன்னலோர மேஜையின் டவலை எடுத்துவிட்டார்கள். கிராம்பு வாசனை மட்டும் போகவில்லை. அது இப்போது உள் அறையில், சர்வருக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது, மேற்பார்வை பார்ப்பதுபோல.

ஒருநாள் சாயங்காலம் பூட்டும் நேரத்தில் யோகலட்சுமி அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாவம்க்கா. நேத்து டீக்கடையில பாத்தேன், வெரல் நுனியெல்லாம் காப்புக் காச்சிப்போய் கீது. லாக் ஆஃப் பண்ணிடலாமா?"

கிரேஸ் குடையை எடுத்துக்கொண்டாள். திரையை மட்டும் அணைத்தாள்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள். "வந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு."

பூட்டிய கதவுக்குப் பின்னால், டக டக டக.